ஊஞ்சலுக்குக் கீழே இருக்கும் மண்: குழந்தைகள் இல்லங்களைச் செப்பனிட வரும் தன்னார்வலர்களுக்குத் திறந்த மடல்



குழந்தைகள் இல்லம் ஒன்றின் சுவருக்கு வண்ணம் பூசவும், அதன் முற்றத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் நடவும், விடுமுறை நாளின் உறக்கத்தை விட்டு வண்டியேறி வருகிற உங்களை நோக்கியே இம்மடல் எழுதப்படுகிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் மணிக்கணக்கை நிறைவு செய்ய வரும் கல்லூரி மாணவர்கள், நிறுவனத்தின் பெயர் பொறித்த பனியனோடு சமூகப் பொறுப்பு நிதியைக் கொண்டுவரும் ஊழியர்கள், நடிகரின் பிறந்த நாளுக்கு நற்பணி செய்ய வரும் மன்றத்தினர், முன்னாள் மாணவர் சங்கத்தினர், ஊர் இளைஞர்கள் என நீங்கள் பலதரப்பட்டவர்கள் ஆயினும், ஞாயிற்றுக்கிழமை காலையில் இல்லத்தின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது அங்குள்ள குழந்தைகளுக்கு நீங்கள் எல்லோரும் அண்ணன்மார்களும் அக்காமார்களுமே. உங்கள் நன்மனத்தை இம்மடல் ஐயுறவில்லை; அந்த நன்மனம் எந்த இடத்தில் செலவாகிறது, எந்த இடத்துக்கு எட்டாமலே தீர்ந்துபோகிறது என்பது பற்றியே இதன் முறையீடு அமைகிறது.

ஒரு நாள் உழைப்புக்குக் கிடைக்கும் கைகள் முதலில் செல்லும் இடம் சுவர். காலையில் காரை உதிர்ந்து நின்ற சுவர் மாலைக்குள் நீலமும் மஞ்சளுமாக மாறி, அதன்மேல் ஒரு யானையும் ஒரு வானவில்லும் ஏறிவிடுவதால் செய்த வேலை உடனே கண்ணுக்குத் தெரிகிறது. முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்துவிட்டால் அறிக்கையும் முடிந்துவிடுகிறது. அடுத்தபடியாக, கடையில் வாங்கிக் குட்டியானையில் வந்திறங்கும் ஊஞ்சலும் சறுக்குமரமும் சீசா பலகையும் உங்கள் கவனத்தைப் பெறுகின்றன. அவை நடப்படும் தரையோ அந்த வரிசையில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. குழந்தைகள் ஓடுவதும் விழுவதும் சண்டையிடுவதும் சமாதானமாவதும் தரையில்தான் என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். ஆயினும் வண்ண வாளியை நோக்கி இருபது கைகள் நீளும் இடத்தில் மண்வெட்டியை நோக்கி ஒரு கைகூட நீளாமல் போவது எதனால் என்று உங்களுக்குள் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். தோண்டிய மண் படத்தில் அழகாக விழுவதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

குழந்தைகள் இல்லம் என்னும் சொல்லுக்குச் சட்டத்தில் வரையறுத்த பொருள் உண்டு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற, பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளைக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி தங்கவைத்து, அவர்களுக்குக் கல்வியும் மருத்துவமும் மறுவாழ்வும் அளிப்பதற்காக, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்று இயங்கும் நிறுவனமே அது. அங்கிருக்கும் எல்லாக் குழந்தைகளும் பெற்றோரை இழந்தவர்கள் என்ற எண்ணத்தோடு நீங்கள் வருவீர்களாயின் அது பிழை. தாயோ தந்தையோ உயிரோடு இருந்தும், வறுமையாலும் நோயாலும் குடியாலும் வீட்டுக்குள் நேர்ந்த கொடுமையாலும் வீட்டில் இருக்க முடியாமல் வந்தவர்கள் அவர்களுள் பலர். 'அநாதை இல்லத்தில் ஒரு நாள்' என்று வாசலில் நீங்கள் கட்டும் பதாகை, பார்வை நாளில் தாய் எப்போது வருவாள் என்று காத்திருக்கும் ஒரு சிறுமிக்கு என்ன சொல்கிறது என்பதை அதை அச்சடிக்கக் கொடுக்கும் முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அச்சட்டத்தின் கீழ் 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள், 50 குழந்தைகளுக்கான இல்லத்தில் 25 பேர் உறங்கும் கூடம் ஒவ்வொன்றும் 1000 சதுர அடி இருக்க வேண்டும், உணவுக் கூடம் 800 சதுர அடி இருக்க வேண்டும், சமையலறை 250 சதுர அடி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அளந்து சொல்லிக்கொண்டே வந்து, விளையாட்டுத் திடலுக்கு வரும்போது மட்டும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற போதிய பரப்பு என்று கூறி நின்றுவிடுகின்றன. சட்டம் அளக்காமல் விட்ட இடத்தை, அங்கே இரும்பை நடுபவர்களாகிய நீங்கள் அளந்தாக வேண்டும். ஏனெனில் அந்த இரும்பிலிருந்து விழப்போகிற குழந்தைக்கு அளவு தெரியாது.

விளையாட்டுக் கருவியிலிருந்து விழுகிற, அல்லது வேண்டுமென்றே குதிக்கிற குழந்தை போய்ச் சேரக்கூடிய தரைப் பரப்பை விழுமிடம் என்று சொல்லலாம். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் கையேடு, நிலையாக நிற்கும் கருவி ஒன்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 6 அடி விழுமிடம் விடச் சொல்கிறது. ஊஞ்சலுக்கு இது போதாது. அது தொங்கும் புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப்போல் இரு மடங்கு தூரம் முன்னாலும், அதே அளவு தூரம் பின்னாலும் வெற்றிடமாக இருக்க வேண்டும் என்பது அக்கையேட்டின் கணக்கு. 8 அடி உயரக் குழாயில் ஊஞ்சல் கட்டினால் முன்னே 16 அடி, பின்னே 16 அடி என்றாகிறது. அயல்நாட்டுக் கணக்கு நம் ஊருக்கு எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கீழே விழும் வேகம் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை என்பதே அதற்கு விடை. மதிலிலிருந்து ஏழடி தள்ளி ஊஞ்சல் நட்டுவிட்டு, அந்த மதிலில் சிரிக்கும் சூரியன் வரைந்துவிட்டுப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமையை நல்ல நாள் என்று சொல்ல முடியாது.

விழுமிடத்தின் பரப்பைவிட அதன் மென்மை முக்கியமானது. சிமெண்டும் தாரும் மட்டுமன்றி, மிதிபட்டு இறுகிய வெறும் மண்ணும் புல்தரையும்கூட விழும் தலையைக் காக்கத் தக்கவை அல்ல என்று அதே கையேடு கூறுகிறது. ஆனால் இன்று நன்கொடையாளர்கள் விரும்பிக் கொடுப்பது பேவர் பிளாக் கற்களைத்தான். சேறு இல்லை, புழுதி இல்லை, பெருக்க எளிது, பார்வைக்கும் சுத்தம் என்று நிர்வாகமும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்கிறது. நடைபாதைக்கும் கைகழுவும் இடத்துக்கும் அவை ஏற்றவை. ஊஞ்சலுக்குக் கீழே அவற்றைப் பதிப்பது மட்டும் கூடாது. மணல் பரப்பலாம் என்றால் அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. விலை குறைவு என்று நீங்கள் கொட்டும் எம் சாண்ட், பாறையை உடைத்துச் செய்தது ஆகையால், கூரிய முனைகளோடு ஒன்றையொன்று கவ்வி, சில வாரங்களில் தரையைப் போலவே இறுகிவிடுகிறது; கட்டடத்துக்கு அதை நல்லதாக்கும் குணமே விளையாட்டுத் திடலுக்கு அதைக் கெட்டதாக்குகிறது. உருண்டை மணிகளாக உள்ள மணல் 9 அங்குல ஆழம் இருந்தால்கூட 4 அடி உயரத்திலிருந்து விழுவதற்கு மட்டுமே காப்பாகும். அழுந்திக் குறையும் என்பதால் தொடக்கத்தில் 12 அங்குலம் நிரப்ப வேண்டும். மரச்சீவல் இதைவிட அதிக உயரத்துக்குத் தாங்கும் என்றாலும் மழையில் மக்கிப்போவதால் அடிக்கடி புதிதாகப் போட வேண்டியிருக்கும். மணலோ சீவலோ எதுவாயினும், கொட்டிய அன்றோடு வேலை முடிவதில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இம்மடலின் வேண்டுகோள் அதிலிருந்துதான் பிறக்கிறது.

ஈராண்டு வயதான ஓர் ஊஞ்சலை அருகில் சென்று பாருங்கள். மேல் குழாயில் மாட்டிய கொக்கியும் சங்கிலியின் முதல் வளையமும் உராயும் இடத்தில் இரும்பு வெள்ளி போல் மினுங்கும். அது பளபளப்பு அன்று, தேய்மானம். விரல் தடிமன் இருந்த வளையம் அந்த ஓரிடத்தில் மட்டும் பாதியாக மெலிந்திருப்பதைக் கீழே நின்று பார்க்கிறவர் காண முடியாது, ஏணி போட்டு ஏறியவரே காண முடியும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்கிறது. இனி இருக்கைக்குக் கீழே பாருங்கள். ஊன்றித் தள்ளிய கால்கள் தோண்டிய குழி அங்கே இருக்கும். குழியின் ஓரத்தில், ஊஞ்சலின் கால்களை நிறுத்தப் போட்ட கான்கிரீட்டின் விளிம்பு பல்லைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசி மழையில் அக்குழி நிறைந்து நிற்கும்போது குழந்தைகள் ஊஞ்சலை மறந்துவிட்டு அதில் காகிதக் கப்பல் விடுவார்கள். ஊஞ்சலைத் திறந்து வைத்த நாளில் கட்டிய நாடாவின் துணுக்கு ஒன்று இன்னும் மேலே முடிச்சோடு தொங்கினாலும் தொங்கும்.

பழைய கருவிக்குப் புது வண்ணம் அடிப்பது உங்களுக்கு மிகவும் பிடித்த வேலை. அதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஈயம் என்னும் உலோகம் குழந்தைகளின் வளரும் மூளையைக் கெடுப்பது. அதனால் வீட்டு உபயோகத்துக்கும் அலங்காரத்துக்கும் விற்கப்படும் வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தொழிற்சாலைப் பயனுக்கான வண்ணங்கள் அந்த விதிக்குள் வருவதில்லை. எனவே இரும்புக்குத் தாங்கும் என்று பட்டறைக்காரர் எடுத்துத் தரும் டப்பாவை வாங்கும் முன் அதன் மேலுள்ள எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். இரண்டாவது, பழைய பூச்சை உப்புத்தாளால் உலரத் தேய்த்துப் பறக்கவிடாமல், நீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, சுரண்டிய பொருக்கை மண்ணில் விடாமல் திரட்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்த வேலை நடக்கும்போது குழந்தைகள் பக்கத்தில் நின்று உதவுவது படத்துக்கு நன்றாக இருந்தாலும் அவர்களுக்கு நல்லதன்று. வண்ணமடித்துப் பாதி புதைத்து வைக்கும் பழைய டயர்களைப் பற்றியும் ஒரு சொல்: அவற்றின் வளைவுக்குள் தேங்கும் ஒரு குவளைத் தண்ணீர் டெங்குக் கொசுவுக்குப் போதும் ஆகையால், ஒவ்வொரு டயரிலும் அடிப்பக்கம் நான்கைந்து துளைகள் இடாமல் நடாதீர்கள்.

நிழலும் வேலியும்கூட உங்கள் கைகளால் அமைகின்றன. நிழலுக்காகக் கீற்றுக் கொட்டகை போட எண்ணுபவர்கள், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்தின் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை நினைத்துக்கொண்டு, ஒரு புங்கமரமோ வேம்போ நடட்டும். அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பது குறையாயின், அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்வதே நல்லது. வேலிக்காகக் காட்டாமணக்கையும் அழகுக்காக அரளியையும் நடாதீர்கள். முன்னதன் விதையைக் கடலைபோல் எண்ணித் தின்று மருத்துவமனைக்குப் போகும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

இனி, நீங்கள் பெரும்பாலும் கேட்காத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லத்தில் இரவும் பகலும் இருந்து, துணி துவைத்து, தலைவாரி, காய்ச்சலுக்குக் கசாயம் வைத்துக் கொடுக்கிற பராமரிப்பாளரை, குழந்தைகள் அம்மா என்றோ பெரியம்மா என்றோ அழைக்கிறார்கள். உங்கள் திட்டம் நிர்வாகியின் அறையில் முடிவாகிறது. பராமரிப்பாளரிடம் அது சொல்லப்படுவதில்லை. அதன் விளைவு சிறியதாகத் தோன்றும், ஆனால் சிறியதன்று. 50 குழந்தைகளின் துணி நாள்தோறும் காய வேண்டிய வெயில் அந்த முற்றத்தில் மட்டும்தான் விழுகிறது. நீங்கள் திடலைச் சீர்ப்படுத்தும்போது கொடிக்கயிறுகளை அறுத்து ஓரம் எறிந்துவிடுகிறீர்கள். திங்கட்கிழமை காலையில் சீருடைகள் சறுக்குமரத்தின் கைப்பிடியிலும் ஊஞ்சல் குழாயிலும் காயத் தொடங்குகின்றன, புதிய கயிறுகள் குழந்தைகளின் கழுத்து உயரத்தில் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குத் தாவுகின்றன. துணி எங்கே காயும் என்று அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பின்கட்டில் நாலு கம்பம் நட்டுக் கொடுத்திருக்கலாம். அது திடலுக்கே செய்த பெரும் பணியாக இருந்திருக்கும். சாலையில் நிற்பவர்களின் பார்வை எந்த மூலையில் விழுகிறது, எந்த மூலையில் விழுவதில்லை என்பதும் அவருக்கே தெரியும். வளர்ந்த சிறுமிகள் விளையாட வெளியே வருவதும் வராததும் ஊஞ்சலின் விலையைவிட அந்த மூலையைப் பொறுத்தது.

குழந்தைகளிடம் கேட்பது இன்னும் அரிதாக நிகழ்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, இந்தியா 1992-இல் தன்னைப் பிணைத்துக்கொண்ட அந்த ஆவணம், தன் 31-ஆம் கூறில் ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்று கூறுகிறது. உரிமை என்பது பிறர் மகிழ்ந்து கொடுக்கும்போது மட்டும் கிடைக்கும் பொருளன்று ஆகையால், என்ன வேண்டும் என்று சொல்லும் இடம் குழந்தைக்கு இருக்க வேண்டும். கேட்டுப் பார்த்தால் வரும் விடைகள் உங்கள் பட்டியலோடு பொருந்தாமல் போகலாம். கோலி உருளச் சமதரை, கில்லி அடிக்கச் சாலைப் பக்கம் இல்லாத ஒரு திசை, பாண்டிக்கட்டம் கிழிக்க அழியாத ஒரு மூலை, யாரும் கூப்பிடாத நேரத்தில் தனியே உட்கார ஒரு திண்ணை என்று அவர்கள் கேட்கக்கூடும். டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் கார்ல் தியோடர் சோரன்சன், தாம் கட்டிய ஒழுங்கான திடல்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடத்துப் பலகைகளிலும் செங்கற்களிலும் குழந்தைகள் ஊன்றி விளையாடுவதைக் கவனித்ததன் பயனாக, கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் 1943-இல் பழம்பொருள் திடல் ஒன்று உருவாயிற்று. சைமன் நிக்கல்சன் என்பவர் 1971-இல் இதற்கு ஒரு கோட்பாடே வகுத்து, நகர்த்தவும் அடுக்கவும் கலைக்கவும் கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குக் குழந்தையின் புனைதிறன் வேலை செய்கிறது என்று எழுதினார். தென்னை மட்டையை மட்டையாக்கி, மூன்று செங்கல்லை ஸ்டம்பாக்கிய பிள்ளைகள் வளர்ந்த நாட்டில் இதற்கு மேற்கோள் தேவையில்லைதான்; ஆயினும் அந்த மட்டையையும் செங்கல்லையும் குப்பை என்று நீங்கள் முதல் வேலையாக அள்ளி வெளியே கொட்டிவிடுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேள் அடையும் கற்குவியலை அகற்றுங்கள். பத்துப் பலகையையும் ஒரு வண்டி மணலையும் நாலு பழைய வாளியையும் விட்டுவையுங்கள்.

நீங்கள் பரிசாகக் கொண்டுவரும் பொம்மைகள் எங்கே போகின்றன என்பதையும் ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். உடைந்தால் கணக்குக் கேட்பார்களோ என்ற அச்சத்தில் அவை பெட்டி பிரிக்கப்படாமல் அலுவலக பீரோவுக்குள் சென்று, ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் வெளியே வந்து, அன்று மாலையே திரும்பிப் போகின்றன. பொம்மையோடு, இது உடையலாம், உடைந்தால் மாற்றித் தருகிறோம் என்ற உறுதியை எழுத்தில் கொடுங்கள். அது இல்லாத பொம்மை பீரோவுக்குக் கொடுத்த பரிசாகவே இருக்கும்.

கோயில் குழல்விளக்கில் உபயதாரரின் பெயர் வெளிச்சத்தையே மறைத்துவிடும் என்பது தமிழகத்தின் பழைய நகைச்சுவை. சறுக்குமரத்தின் நெற்றியில் எழுதப்படும் உபயம் அவ்வளவு சிரிப்புக்கு உரியதன்று. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை, தான் ஏறி விளையாடும் பலகை யாருடைய தயவு என்பதை ஒவ்வொரு மாலையும் வாசித்துவிட்டு ஏற வேண்டியிருக்கிறது. தன் வீட்டுத் திண்ணையில் யாருடைய பெயரும் எழுதப்பட்டிராத குழந்தைக்கு இந்தச் சுமை இல்லை. படமெடுப்பது இதனினும் கடியது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, இத்தகைய குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகத்தில் வெளியிடுவதைத் தடைசெய்து, மீறுவோருக்கு 6 மாதம் வரை சிறையோ 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. வீட்டில் கொடுமை செய்தவரிடமிருந்து மறைத்து வைக்கப்பட்ட குழந்தையின் முகம் உங்கள் கைபேசியின் வழியாக அவர் கைபேசிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நினைத்தால், சட்டம் கடுமையானது என்று தோன்றாது. மணலைப் படமெடுங்கள், தேய்ந்த கொக்கியையும் மாற்றிய கொக்கியையும் படமெடுங்கள்; அவை எதையும் வெளிப்படுத்துவதில்லை.

மனத்தைப் பற்றிய ஒரு செய்தியும் உங்கள் வருகையோடு தொடர்புடையது. குழந்தை தன்னைப் பேணும் ஓரிருவரோடு கொள்ளும் நிலையான உறவை உளவியலாளர் பற்றுறவு என்பர். ஜான் பவுல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கையிலிருந்து இது இல்லங்கள் பற்றிய சிந்தனையின் மையத்துக்கு வந்தது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-களின் தொடக்கத்தில் நிறுவனங்களில் வளர்ந்த 136 கைக்குழந்தைகளை வைத்து நிகழ்ந்த ஆய்வு, வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றவர்கள் அறிவு வளர்ச்சியிலும் உறவிலும் நிறுவனத்திலேயே இருந்தவர்களைவிட மேம்பட்டதைக் காட்டிற்று. இல்லத்துக்குள் நுழைந்ததும் முன்பின் தெரியாத உங்கள் கையைப் பற்றிக்கொண்டு மடியில் ஏறும் குழந்தையைக் கண்டு, எவ்வளவு பாசம் என்று நீங்கள் நெகிழ்கிறீர்கள். பலர் வந்து பலர் போன இடத்தில் வளர்ந்த குழந்தை யாரிடமும் அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்பது ஆய்வாளர் பலகாலமாகக் கண்டு எழுதிய அடையாளம், அது இழப்பின் விளைவு. மீண்டும் வருகிறேன் என்று மாலையில் நீங்கள் சொல்லும் வார்த்தையை அந்தக் குழந்தை எண்ணிக்கொண்டிருக்கும். வருவதாக இல்லையெனில் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். மண்வெட்டியோடும் ஸ்பானரோடும் மட்டும் உறவு வைத்துக்கொண்டு திரும்பிச் செல்வதில் எந்தக் குறையும் இல்லை.

இவ்வளவும் செய்ய நேரமில்லை என்ற உங்கள் மறுமொழியில் நியாயம் இருக்கிறது. நிதியாண்டு முடியும் மார்ச்சுக்குள் செலவைக் காட்ட வேண்டியிருக்கிறது. மாணவர்களுக்கோ இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேரம் என்ற கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்குகள் எவையும் பத்து இல்லங்களில் பத்து ஞாயிறு என்று கேட்கவில்லை. ஓர் இல்லத்தில் பத்து ஞாயிறு என்று அவற்றை நிரப்புவதற்குத் தடை ஏதும் இல்லை. நாற்பது பேர் ஒரு நாள் வருவதைவிட நான்கு பேர் பத்து முறை வருவது இல்லத்துக்கு எளிது. நாற்பது பேருக்குத் தேநீர் போடுகிறவரும் அந்தப் பராமரிப்பாளர் அம்மாதான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு குழுவும் ஓர் இல்லத்தை ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு குறித்த ஞாயிறு, இயன்றவரை அதே ஆட்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் நிர்வாகத்துக்கும் தெரிவித்த முறையான வருகை என்று அது அமையட்டும். முதல் வருகைக்கு வண்ண வாளி வேண்டாம். அளவு நாடா ஒன்று, ஏணி ஒன்று, ஸ்பானர் செட் ஒன்று, மண்வெட்டி இரண்டு, கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். காலையில் பராமரிப்பாளரோடும் குழந்தைகளோடும் உட்கார்ந்து அவர்கள் சொல்வதை வாங்கிக்கொண்டு, பின்னர் ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் நாடாவைப் பிடித்து அளந்து, போதாத இடத்தில் நிற்பதைப் பெயர்த்து, தேய்ந்த கொக்கியைக் கழற்றி, காலடிக் குழியைத் தோண்டி ஆழமாக்கி மணல் நிரப்புங்கள். ஓராண்டு உறுதி தர இயலாதவர்கள், வெல்டிங் வேலைக்கான ஒரு நாள் கூலியையும் மழைக்காலம் முடிந்ததும் மீண்டும் நிரப்ப ஒரு லோடு மணலுக்கான தொகையையும் இல்லத்தில் செலுத்திவிடுவதும் முழுமையான பணியே. எந்தத் தேதியில் எந்த போல்ட் இறுக்கப்பட்டது, மணலின் ஆழம் எவ்வளவு இருந்தது, குழந்தைகள் என்ன கேட்டார்கள், அதற்கு என்ன விடை சொல்லப்பட்டது என்பனவற்றை அந்த நோட்டில் எழுதி, பராமரிப்பாளரின் மேசையில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். அதன் முதல் பக்கத்தில், உங்கள் பெயர்களை எழுதுவதற்கு முன்னால், அடுத்து வரப்போகும் ஞாயிற்றுக்கிழமையின் தேதியை எழுதுமாறு இம்மடல் உங்களைக் கேட்டுக்கொள்கிறது.